ஆறாம் வகுப்புக்கு நாற்பது நிமிடம்: ஸ்லைடு வேண்டுமா, வேண்டாமா?

செப்டம்பர் 1 (வாசகர் கேள்வி)

செப்டம்பர் 16 ஓசோன் நாளுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரு பீரியட், 40 நிமிடம். புவி வெப்பமாதல், பிளாஸ்டிக், தண்ணீர், காடழிப்பு, ஓசோன் எல்லாம் சேர்த்து 42 ஸ்லைடு தயார் செய்திருக்கிறேன். நேரம் போதுமா? எதையாவது குறைக்கலாமா?

செப்டம்பர் 1, இரவு

குறைக்க வேண்டாம். மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். 42 ஸ்லைடு 40 நிமிடத்தில் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதில் ப்ரொஜெக்டர் கேபிள் தேடவே பத்து நிமிடம் போகும்.

நான் முதன்முதலில் போனபோது 36 ஸ்லைடு வைத்திருந்தேன். ஆறாவது ஸ்லைடில் உருகும் பனிக்கட்டி மேல் ஒரு பனிக்கரடி, பக்கத்தில் இரண்டு பெங்குவின். எங்கிருந்தோ இறக்கிய படம், அழகாக இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "மிஸ், கரடி வடக்குல, பெங்குவின் தெற்குல. ரெண்டும் எங்க மீட் பண்ணிச்சு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மீதி 30 ஸ்லைடையும் அவர்கள் தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தார்கள். கண்டுபிடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து ஸ்லைடு இல்லாமல்தான் போகிறேன். என் கட்சி இதுதான்: ஒரு வகுப்புக்கு ஒரு விஷயம், அதுவும் கையில் பிடித்து அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 2

"ஸ்லைடு இல்லாமல் என்னதான் செய்வது" என்று கேட்டால், எனக்குப் பலமுறை கைகொடுத்தது ஒரு லிட்டர் பாட்டில்.

பாட்டில் நிறையத் தண்ணீர். இதுதான் உலகத்துத் தண்ணீர் மொத்தமும் என்று சொல்வேன். அதிலிருந்து அளவுக் குவளையில் 25 மில்லி எடுப்பேன். மீதி 975-ம் உப்புத் தண்ணீர், ஓரமாகப் போகட்டும். இந்த 25-ல் ஏறக்குறைய 17 மில்லி பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. அதையும் ஊற்றிவிடுவேன். குவளையின் அடியில் கொஞ்சம் நிற்கும். அப்புறம் சொட்டு மருந்துக் குழாயை எடுத்து ஒரே ஒரு துளியை மேசையில் விடுவேன். ஏரிகளில் இருக்கும் நல்ல தண்ணீர் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் வகுப்பில் சத்தமே இருக்காது. எல்லோரும் எழுந்து நின்று அந்தத் துளியைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு பையன் ஓடிவந்து விரலால் தொட்டு நக்கிவிட்டான். "டேய், உலகத்தையே குடிச்சிட்டான்டா!" என்று பின்னால் இருந்து ஒரு குரல். நான் ஒரு மாதம் யோசித்தாலும் அந்த வரி எனக்கு வந்திருக்காது.

செப்டம்பர் 2, மாலை

மேலே அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். குவளையின் அடியில் நிற்கும் அந்தக் கொஞ்சம், ஏழெட்டு மில்லி, நிலத்தடி நீர். அதைச் சொல்லாமல் துளிக்குத் தாவினால் பிள்ளைகள் கிணற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான் மூன்று பள்ளிகளில் அப்படித்தான் தாவினேன்.

ஆறுகளும் அந்த ஒரு துளியில் அடக்கமா என்று கேட்டால், ஆறுகளின் பங்கு துளியில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒன்று. அதை எந்தச் சொட்டுக் குழாயாலும் காட்ட முடியாது. சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

ஒரு துளி என்றால் 0.05 மில்லி, 20 துளிக்கு ஒரு மில்லி. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

செப்டம்பர் 4

மாணவர்கள் செய்து பரிசு வாங்கிய மாதிரிப் படைப்பு ஒன்றைப் பார்த்தேன். "நெகிழியை ஒழிப்போம்" என்று தெர்மாகோல் அட்டையில் வெட்டி, மினுமினுப்புத் தூள் தூவி, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். நடுவராக இருந்தவள் நான்தான். பரிசைக் கொடுத்ததும் நான்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செப்டம்பர் 5

தோற்றுப்போன ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயராது, நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகி வந்தால் உயரும். கிரீன்லாந்தின் பனி முழுக்க உருகினால் மட்டும் 7 மீட்டர் அளவுக்கு. இதைக் காட்ட இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள் வேண்டும். ஒன்றில் தண்ணீரில் ஐஸ் மிதக்கும். இன்னொன்றில் நடுவே கல், கல்லின் மேல் ஐஸ். இரண்டிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தோம். 40 நிமிடமும் போனது. ஐஸ் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் பெரிய கட்டியாக, எல்லோருக்கும் தெரியட்டும் என்று கொண்டுபோயிருந்தேன். மணி அடித்ததும் ஒரு பையன் நிம்மதியாகச் சொன்னான்: "உருகவே இல்லையே மிஸ். அப்ப பிரச்சினை இல்ல."

கட்டியை உடைத்துச் சில்லு சில்லாகப் போடுங்கள். இல்லை, வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே வைத்துவிடுங்கள்.

செப்டம்பர் 7

தனிச்செய்தியில் ஒருவர் "ஜாடிச் சோதனை" செய்யலாமே என்றார். தெரியாதவர்களுக்கு: இரண்டு ஜாடி, இரண்டு வெப்பமானி, ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து கரியமில வாயு நிரப்பி, விளக்கைக் காட்டினால் அந்த ஜாடி கூடுதலாகச் சூடாகும். பசுமைக்குடில் விளைவு நிரூபணம் ஆகிவிட்டது என்று கைதட்டுவார்கள்.

நானும் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் விடை சரி, காரணம் தப்பு. கரியமில வாயு காற்றைவிட அடர்த்தியானது. ஜாடிக்குள் அடியில் தங்கி, சூடான காற்று மேலே எழுந்து மேலுள்ள காற்றோடு கலப்பதைத் தடுக்கிறது. அங்கே தெரியும் சூட்டில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது. பசுமைக்குடில் வாயுவே அல்லாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே அளவு சூடேறும். பூமிக்கு மூடியும் இல்லை, ஜாடியும் இல்லை. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை வாயு உறிஞ்சிக்கொண்டு திருப்பி விடுவதுதான் அங்கே நடப்பது.

அதற்குப் பதில் நான் செய்வது மை. அரை லிட்டர் தண்ணீர், அதாவது 10,000 துளி (20 துளிக்கு ஒரு மில்லி என்றேனே). அதில் 4 துளி மை. காற்றில் இப்போது கரியமில வாயு 10,000-க்கு 4-க்குச் சற்று மேல். தொழிற்புரட்சிக்கு முன் 3-க்கும் கொஞ்சம் கீழ். சார்ல்ஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 3.15 இருந்தது. "வெறும் நாலா? நாலு என்ன பண்ணும்?" என்று ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும். கேட்டதும் மையை விடுங்கள். பாத்திரம் முழுக்க நிறம் மாறும். பேச்சே தேவையில்லை.

மை நிறத்தைக் காட்டுகிறதே தவிர சூட்டைக் காட்டவில்லை என்று யாராவது கேட்டால், கேட்பவர் சொல்வது சரி. "கொஞ்சமாக இருந்தாலும் செய்யும்" என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது.

செப்டம்பர் 9

சரி, ஓசோனுக்கு வருவோம். உங்களை அழைத்ததே அதற்குத்தான், நான்தான் ஒரு வாரமாக வேறு எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். 30 தாளை எண்ணி இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்க வேண்டும். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆக 3 மில்லிமீட்டர். தலைக்கு மேல் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கும் ஓசோனை எல்லாம் தரைமட்டக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினால் தடிமன் அவ்வளவுதான். புற ஊதாக் கதிர்களில் நமக்கு ஆகாததில் பெரும்பங்கைத் தடுப்பது இந்த 30 தாள். இப்போது 20 தாளை விட்டுவிடச் சொல்லுங்கள். அண்டார்க்டிகாவுக்கு மேல் மோசமான ஆண்டுகளில் மிஞ்சியது இந்த 10 தாள்தான்.

இதைச் செய்தபின் "ஓட்டை" என்ற வார்த்தையைத் தைரியமாகச் சொல்லலாம். செய்யாமல் சொன்னால், "அந்த ஓட்டை வழியா நம்ம காத்தெல்லாம் வெளியே போயிடாதா?", "ராக்கெட் அது வழியாத்தான் போகுமா?" என்று வரும். 22 தாளுக்குக் கீழே போனால்தான் ஓட்டை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது மெலிந்த இடம்.

அப்புறம் கதை. இங்கே தாமஸ் மிட்க்லி என்ற அமெரிக்க வேதியியலாளரைச் சொல்வேன். பழைய குளிர்பெட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டைஆக்சைடும் இருந்தன. கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. தீப்பிடிக்காத, நஞ்சில்லாத ஒரு வாயுவை மிட்க்லியின் குழு கண்டுபிடித்தது. 1930-ல் ஒரு கூட்டத்தில் அவர் அதை நெஞ்சு நிறைய இழுத்து, மெதுவாக ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். அதுதான் சிஎஃப்சி, குளோரினும் ஃப்ளோரினும் கார்பனும் சேர்ந்த வாயு. 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இது மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதினார்கள். ஒரே ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை அழிக்க வல்லது. 1985-ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவரும் அண்டார்க்டிகாவில் மெலிந்த இடத்தை அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16-ல், சிஎஃப்சி போன்றவற்றைக் குறைக்க மான்ட்ரியல் உடன்படிக்கை. பின்னால் உலக நாடுகள் அத்தனையும் கையெழுத்துப் போட்டன.

இந்தக் கதையில் வில்லன் இல்லை. நல்லது என்று நம்பிச் செய்தார்கள், தப்பு என்று தெரிந்தது, நிறுத்தினார்கள். பிள்ளைகள் வில்லனைத் தேடுவார்கள், கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "மிட்க்லி அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். போலியோ வந்து படுத்தவர், கட்டிலிலிருந்து எழுந்திருக்கத் தானே கயிறும் கப்பியும் வைத்து ஒரு கருவி செய்தார், 1944-ல் அதிலேயே சிக்கி இறந்துபோனார். அதற்குப் பின் வந்த 20 நிமிடமும் கயிறு எந்தப் பக்கம் இழுத்தது, கப்பி எத்தனை, கத்தினாரா என்பதிலேயே போனது. மறுவாரம் ஆசிரியர் சொன்னார், ஓசோன் பற்றிய கட்டுரையில் பாதிப் பேர் கப்பியைப் படம் போட்டிருந்தார்களாம்.

செப்டம்பர் 10

நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது. பெரியவர்களே குழப்புகிறார்கள்: ஓசோன் ஓட்டை வழியாகச் சூரியச் சூடு உள்ளே வந்துதான் பூமி சூடாகிறது என்று. அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு. வகுப்பில் இதைப் பலகையில் இரண்டு கட்டமாகப் போட்டு நடுவில் தடித்த கோடு இழுப்பேன்.

செப்டம்பர் 10, அரை மணி கழித்து

அந்தத் தடித்த கோடும் சுத்தமாகச் சரியில்லை. சிஎஃப்சி தானே வலுவான பசுமைக்குடில் வாயு. அதற்குப் பதிலாக வந்த, குளோரின் இல்லாத எச்எஃப்சி ஓசோனைத் தொடாது, ஆனால் அதுவும் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தி அதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கோட்டில் ஒரு சின்ன வாசல் விடுங்கள். ஆறாம் வகுப்புக்கு அந்த வாசல் வேண்டுமா என்றால், வேண்டாம். கேட்டால் திறக்கலாம்.

செப்டம்பர் 12

பிளாஸ்டிக் பாட்டில் மக்க 450 ஆண்டு. எல்லா ஸ்லைடிலும் இருக்கும், உங்களுடையதிலும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு பையன் என்னைக் கேட்டான்: "450 வருஷம் யாரு மிஸ் உக்காந்து பார்த்தது?"

அசந்துவிட்டேன். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட் வந்ததே 1907-ல். தண்ணீரும் குளிர்பானமும் அடைத்து வரும் பெட் (PET) பாட்டிலுக்குக் காப்புரிமை 1973-ல். நூறு வயதுகூட ஆகாத பாட்டிலுக்கு 450 ஆண்டு ஆயுள் என்கிறோம். அது மதிப்பீடு, அதுவும் வெயில், மண், கடல் என்று இடத்துக்கு இடம் மாறும். பல வகைப் பிளாஸ்டிக் மக்கவே மக்காது, பொடிந்து நுண்துகளாகப் போகும். அந்தப் பையனிடம், "யாரும் பார்க்கல, கணக்குப் போட்டுச் சொல்றாங்க" என்றேன். "அப்ப தப்பாவும் இருக்கலாம்ல?" இருக்கலாம் என்றேன். நோட்டில் 450-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டான்.

பசிபிக் குப்பைத் தீவும் இதே ரகம். தீவு எதுவும் இல்லை. மீன்பிடி வலைகளும் கண்ணுக்குத் தெரியாத துகளும் பரந்து மிதக்கும் கடல் அது. ஏறி நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

செப்டம்பர் 13

வகுப்பு தூங்கினால் மாட்டை எடுங்கள். மீத்தேனும் ஒரு பசுமைக்குடில் வாயு; மாடு வெளியிடும் மீத்தேனில் பெரும்பங்கு பின்னால் இருந்து வருவதில்லை, ஏப்பத்தில் வருகிறது. இந்த ஒரு தகவலில் எந்த வகுப்பும் விழித்துக்கொள்ளும். திரும்பத் தூங்க வைப்பதற்கு என்னிடம் வழி இல்லை.

செப்டம்பர் 14

பயமுறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "கொஞ்சம் பயந்தால்தானே திருந்துவார்கள்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது, யாரோ வந்து பேசிவிட்டுப் போன நாளன்று வீட்டுக்கு வந்தவன் பல் துலக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். தண்ணீர் தீர்ந்துவிடுமாம். முதலில் சிரித்தேன், சோம்பேறித்தனத்துக்குப் புதுச் சாக்கு என்று நினைத்து. இரண்டாம் நாள் இரவு இருட்டில் கேட்டான்: "நான் பெருசாகும்போது எதுவுமே இருக்காதாம்மா?" அன்று சிரிக்க முடியவில்லை. அந்தப் பேச்சாளர் மேல் கோபம் வந்தது. பிறகு என் பழைய 36-வது ஸ்லைடு ஞாபகம் வந்தது. வெடித்த மண், அதன் நடுவில் ஒரு குழந்தை, மேலே "நாளை நீ?" என்று சிவப்பு எழுத்து. அதைப் பார்த்துவிட்டு எத்தனை குழந்தைகள் வீட்டில் போய் இருட்டில் கேட்டிருக்கும்? எந்த அம்மா என்ன பதில் சொன்னாளோ.

பயம் உண்மைதான், ஒளிக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் அது கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? மின் நிலையத்தை மூடவா முடியும்? வீட்டில் பாட்டியைத்தான் குழாயை மூடு என்று மிரட்டும்.

ஓசோன் நாளுக்கு அழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். சரியாகிக்கொண்டு வரும் ஒரு கதையைச் சொல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஐ.நா.வின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இப்படியே போனால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 வாக்கில் 1980-ன் அளவுக்குத் திரும்பும், அண்டார்க்டிகாவில் 2066 வாக்கில். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 2066-ல் உங்களுக்கு என்ன வயது என்று கேளுங்கள். கணக்குப் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

செப்டம்பர் 16

எத்தனை ஸ்லைடு கொண்டுபோனீர்கள்? நானும் இன்று ஒரு வகுப்புக்குப் போகிறேன். அண்டார்க்டிகாவில் இப்போது வசந்தத்தின் தொடக்கம், மெலிந்த இடம் விரியும் பருவம். நோட்டோடு கிளம்புகிறேன்.

செப்டம்பர் 18

முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன்.

30 தாள் நன்றாகப் போனது. 10 தாளுக்கு வந்ததும், "இது எங்க மிஸ் இருக்கு? எவ்ளோ பெருசு?" என்று கேட்டார்கள். பலகையில் பூமியை வரைந்தேன். உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அதன் அடியில் அண்டார்க்டிகா என்று ஒரு குறி போட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. செயற்கைக்கோள் எடுத்த படங்கள் இருக்கின்றன. 1979-லிருந்து வருடத்துக்கு ஒன்றாக, நீலத் திட்டு வளர்ந்து வளர்ந்து பிறகு நின்றுபோகும். அந்த ஒரு வரிசைப் படம் என்னிடம் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். 20 நிமிடம் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டினேன்.

அப்புறம், பின்வரிசை. நான் மேசையில் விட்ட துளியையும் விரலுக்கு நடுவில் பிடித்த தாளையும் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதினேனே, கடைசி இரண்டு வரிசைக்கு அது எதுவும் தெரியாது. கண்ணாடி போட்ட ஒரு பெண் வகுப்பு முடிந்ததும் வந்து, "துளி விழுந்துச்சா மிஸ்?" என்று கேட்டாள். விழுந்து அரை மணி ஆகியிருந்தது.

ஆகவே: தொட முடிந்ததைத் தொடட்டும். தொட முடியாததற்கு ஒரு படம், ஒன்றே ஒன்று, பெரிதாக. 42 இன்னும் அதிகம்தான், அதை வாபஸ் வாங்கவில்லை.

அக்டோபர் 6

16-ம் தேதி போன அந்த வகுப்பில் கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்தேன். விளையாட்டுத் திடல் பக்கம் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். ஒரு நாளில் எவ்வளவு வீணாகிறது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். நொடிக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு 86,400 துளி, 20-ஆல் வகுத்தால் 4.3 லிட்டர் என்று என் மனசுக்குள் விடை தயாராக இருந்தது.

அவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை. இடைவேளையில் குவளை வைத்துப் பிடித்தார்கள், பத்து நிமிடம். ஒருத்தி துளியை எண்ணினாள், ஒருவன் கடிகாரம் பார்த்தான். நிமிடத்துக்கு 72 துளி, பத்து நிமிடத்தில் 45 மில்லி. நாளுக்கு 6.48 லிட்டர். துளிக்கணக்கைப் பார்த்தால் ஒரு மில்லிக்கு 16 துளிதான். "நீங்க 20 சொன்னீங்க மிஸ்." ஆமாம், 20 சொன்னேன், இங்கேயும் இரண்டு தடவை எழுதிவிட்டேன். குழாய்த் துளி சொட்டு மருந்துத் துளியைவிடப் பெரியது. இத்தனை வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வேறு ஒரு குழு பிடித்தபோது 51 மில்லி. யார் சரி என்று சண்டை. காலையில் தொட்டி நிரம்பியிருக்கும், அழுத்தம் கூடும் என்று ஒரு கட்சி. குவளை ஈரமாக இருந்தது என்று இன்னொரு கட்சி. அதனால் தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பிடித்து இரண்டு வாரம் அட்டவணை போடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆசிரியர் இதை ஃபோனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மறுபடி கூப்பிட்டார். ஒன்பதாவது நாள் யாரோ புகார் சொல்லி, பிளம்பர் வந்து வாஷரை மாற்றிவிட்டாராம். குழாய் இப்போது சொட்டுவதில்லை. வகுப்பே கொதித்துப்போய் இருக்கிறது. இன்னும் ஐந்து நாள் அளவு எடுக்க வேண்டியிருந்ததாம்.